துருவுக்குள் ஒரு தேதி

1945 செப்டம்பர் 9 காலையில், மலாயாவின் மோரிப் கடற்கரையிலும் பக்கத்துக் கெலானாங் கரையிலும் இந்தியப் படையின் 25ஆவது டிவிஷன் வந்து இறங்கியது. 'ஆபரேஷன் ஸிப்பர்' என்று பெயர் வைத்து மாதக்கணக்கில் திட்டமிட்ட படையெடுப்பு அது. ஆகஸ்ட் 15ஆம் தேதியே ஜப்பான் பணிந்துவிட்டதால் கரையில் எதிர்த்துச் சுட ஆளில்லை. ஆனாலும் படை திணறியது. மேலே பார்த்தால் கெட்டியான மணல், அதற்குக் கீழே சேறு. லாரிகளும் ஜீப்புகளும் அச்சு வரை புதைந்தன. அன்றைக்கு எதிரி கரையில் காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராணுவ வரலாற்று ஆசிரியர்கள் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பந்திங்கிலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மோரிப்பில் அந்தத் தரையிறக்கத்துக்கு வைத்த நினைவுக்கல்லைப் பார்த்திருப்பார்கள்.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 13 அன்று, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் ஜப்பானின் 29ஆவது படைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் இஷிகுரோ பணிந்து கையெழுத்திட்டார். அதன்பின் வாள், ரைஃபிள், கைத்துப்பாக்கி எல்லாம் ஒப்படைக்கப்பட்டன. ஒப்படைக்காமல் போனவையும் உண்டு. சில காட்டில் புதைந்தன, சில ஆற்றில் விழுந்தன. சிலவற்றை வெற்றி பெற்ற படைவீரர்கள் நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழைய ஜப்பானியக் கைத்துப்பாக்கிகளைச் சேகரித்துச் சீரமைக்கும் பழக்கம் இருப்பதற்கு அந்தப் பைகள்தான் காரணம். நம் மலேசியாவில் அப்படிச் சேகரிக்கச் சட்டம் இடம் தரவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால், எண்பது வயதான ஓர் இரும்புப் பொருள் தன் கதையை எங்கே எழுதி வைத்திருக்கிறது, எந்தக் கை பட்டால் அந்தக் கதை அழிந்துபோகும் என்பதைச் சொல்ல வேண்டும். இது இயற்பியலும் வேதியியலும் கலந்த விஷயம். மோரிப் சேற்றுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த தோட்டத்துப் பெரியவர்கள் அதிகாரிகளின் வாளைத்தான் அதிகம் பேசுவார்கள். அதே இடுப்பில் தோல் உறைக்குள் பெரும்பாலும் இருந்தது '14ஆம் ஆண்டு வகை' நம்பு கைத்துப்பாக்கி. வடிவமைத்தவர் நம்பு கிஜிரோ. 1869இல் சாகா மாநிலத்தில் பிறந்து, படையில் லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்து, 1949இல் இறந்தவர். ஜப்பானியப் படைக்கலங்களில் பல இவர் கை பட்டவை. 1925இல் உருவான இந்த வகை, போர் முடியும் வரை இரண்டு லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. குண்டின் விட்டம் 8 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ ஆறரை கிராம், வேகம் நொடிக்கு முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 280 ஜூல் அளவில் ஆற்றல் வரும். அதே காலத்து அமெரிக்க, ஜெர்மானியக் கைத்துப்பாக்கிகள் 480 ஜூலை ஒட்டி இருந்தன. அதனால் இதை வலுவில்லாத ஆயுதம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதை எதிரில் நின்று பார்த்த கூலிக்காரனுக்கு அந்த வித்தியாசம் எந்த ஆறுதலும் தந்திருக்காது.

இயங்கும் விதத்தில் இது நல்ல பொறியியல். சுடும்போது குழாயும் அதன் பின்னால் உள்ள பூட்டுத்தண்டும் ஒன்றாகச் சேர்ந்து சில மில்லிமீட்டர் பின்னால் போகின்றன. அதற்குள் குண்டு வெளியேறி, குழாய்க்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பிறகுதான் அடியில் இருக்கும் சிறிய பூட்டுக்கட்டை சாய்ந்து, பூட்டுத்தண்டைத் தனியே பின்னால் போக விடுகிறது. முந்தைய நம்பு மாதிரியில் ஒரு பக்கம் மட்டும் இருந்த சுருள்வில், 14ஆம் ஆண்டு வகையில் இரு பக்கமும் வந்தது. குறைபாடும் இருந்தது. தோட்டாவின் அடிப்பாகத்தைக் குத்தும் ஊசி எளிதில் ஒடிந்தது. எஃகை மிகக் கடினமாக்கினால் அது நொறுங்கும் தன்மை பெறும், மிருதுவாக்கினால் முனை மழுங்கும். இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைச் சூடாக்கலிலும் குளிர்விப்பதிலும் பிடிப்பது கடினம். அதனால் உறையிலேயே மாற்று ஊசி வைக்க ஒரு சிறு பை தைத்தார்கள்.

இந்தத் துப்பாக்கிகளின் உடலில் தேதி பொறித்திருக்கும். ஷோவா என்னும் அரசாட்சியைக் குறிக்கும் எழுத்து, அதன் பக்கத்தில் 18.6 என்பது போல ஓர் எண். 18உடன் 1925ஐக் கூட்டினால் 1943, அடுத்துள்ள 6 ஜூன் மாதம். அப்படியானால் அந்தத் துப்பாக்கி செய்யப்பட்டபோது கோலாலம்பூர் விழுந்து ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. 1942 ஜனவரி 11இல் ஊர் விழுந்தது. சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போவது அந்த ஜூனில் நடந்துகொண்டிருந்தது. ஒரு சின்ன எஃகுத் துண்டு தன் பிறந்த மாதத்தைச் சொல்லும்போது, அந்த மாதத்தில் இங்கே என்ன நடந்தது என்பதும் கூடவே எழுந்து வருகிறது.

வகைப் பெயர்களிலும் காலக்கணக்கு ஒளிந்திருக்கிறது. '26ஆம் ஆண்டு வகை' என்பது மெய்ஜி அரசாட்சியின் 26, அதாவது 1893. '14ஆம் ஆண்டு வகை' தைஷோ அரசாட்சியின் 14, அதாவது 1925. பின்னால் வந்த '94 வகை' வேறு கணக்கு. ஜப்பானியப் பேரரசு தொடங்கியதாக நம்பப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் 2594, அதிலிருந்து 660ஐக் கழித்தால் 1934. இந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதல்ல. ஆக்கிரமிப்புக் காலத்தில் மலாயாவின் அரசாங்கக் காகிதங்களிலும் செய்தித்தாள்களிலும் 2602, 2603 என்றுதான் ஆண்டு போட்டார்கள். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள்.

தேதியை விட நுணுக்கமான சாட்சி, உலோகத்தின் மேற்பரப்பு. முப்பதுகளில் செய்த நம்பு துப்பாக்கியைக் கவனமாகப் பார்த்தால் உடல் கருநீலம், விசை போன்ற சில சிறு பாகங்கள் வைக்கோல் மஞ்சள். இந்த மஞ்சள் சாயமல்ல. எஃகை ஏறத்தாழ 230 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால் அதன்மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடுப் படலம் உருவாகிறது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்களை அழித்துச் சிலவற்றை விட்டுவைக்கின்றன. மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் வானவில் காட்டுவது போலத்தான் இதுவும். சூடு 300ஐ நெருங்கினால் படலம் தடிக்கும், நிறம் நீலமாகும். ஆக, மஞ்சள் விசை என்பது 1930களில் ஒரு தொழிலாளி எவ்வளவு சூட்டில் நிறுத்தினான் என்ற பதிவு. மெருகுப் பசை தடவிய துணியால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்தால் அந்தப் பதிவு போய்விடும்.

கருநீலத்தின் கதை இதைவிட வியப்பானது. துப்பாக்கித் தொழிலில் இதற்கு புளூயிங் என்று பெயர். அதன் பழைய முறையில் எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைப்பார்கள். மெல்லிய அமிலக் கரைசலைத் தடவி ஈரமான பெட்டிக்குள் தொங்கவிடுவார்கள். நம் ஊர் என்றால் பெட்டியே தேவையில்லை, ராத்திரி வெளியில் வைத்தால் போதும். செம்மண் நிறத்தில் பூஞ்சை போல் துரு படிந்ததும் அப்படியே கொதிநீரில் போடுவார்கள். சிவப்புத் துரு கொதிநீரில் கறுப்பு மாக்னடைட்டாக மாறும். உதிர்வதைக் கம்பித் தூரிகையால் தட்டிவிட்டு, மறுபடி துருப்பிடிக்க வைத்து, மறுபடி கொதிக்க வைத்து, பல சுற்று. கடைசியில் கிடைப்பது ஓரிரு மைக்ரான் தடிமனுள்ள, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கருநீலத் தோல். சிவப்புத் துரு இடைவெளிகள் நிறைந்தது, காற்றையும் நீரையும் உள்ளே விடும். கறுப்புத் துரு அடர்த்தியானது, தடுக்கும். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த இரண்டு சேர்மங்கள்தாம் இரண்டும். சேர்ந்திருக்கும் விகிதத்திலும் அணுக்கள் அடுக்கியிருக்கும் முறையிலும் உள்ள வேறுபாடு ஒன்றை அழிவாகவும் மற்றதைக் காப்பாகவும் ஆக்குகிறது.

போர் இறுகியபோது இந்தத் தோலும் மாறியது. 1939, 40 வாக்கில் விசையைச் சுற்றிய வளையம் பெரிதானது. மஞ்சூரியாவின் குளிரில் கையுறை போட்ட விரல் உள்ளே நுழையவில்லை என்பதே காரணம். 1944, 45இல் வந்தவற்றில் மெருகு இல்லை, கடைசல் இயந்திரத்தின் கோடுகள் அப்படியே தெரிகின்றன. வளையம் வளையமாகக் கடைந்த பின்குமிழ் போய், சொரசொரப்பாக உருட்டிய குமிழ் வந்தது. பிடியின் மரத்தில் இருந்த வரிப்பள்ளங்கள் மறைந்து வழுவழுப் பலகை ஆனது. தோல் உறைக்குப் பதில் ரப்பர் பூசிய கித்தான் உறை. மலாயாவின் ரப்பர் காடு முழுவதும் கையில் இருந்தும், ஏற்றிப்போகக் கப்பல் இல்லாமல் ஜப்பான் தவித்த ஆண்டுகள் அவை. ஒரு பேரரசு தளர்ந்ததை இந்த உலோகக் கோடுகளில் விரல் வைத்துப் பின்தொடரலாம். எனக்கு இந்தக் கடைசிக் காலத் துப்பாக்கிகள்தாம் முந்தியவற்றை விட முக்கியமானவை. அழகு குறைந்த அளவுக்கு உண்மை கூடியிருக்கிறது அவற்றில். ஆனால் சீரமைக்கிறேன் என்று உட்காருகிற ஆர்வலர் முதலில் தேய்த்து எடுப்பதும் அந்தக் கோடுகளைத்தான்.

இனி, மண்ணுக்குள் போன துப்பாக்கியைப் பற்றி.

மோரிப் இருக்கும் கோலா லங்காட் கரையோர மண் சாதாரண மண் அல்ல. அலையாத்திக் காட்டுச் சேற்றில் காற்று இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டை உண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை வாடை அதுதான். அது மண்ணின் இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகப் படிகிறது. தண்ணீருக்கடியில் இருக்கும் வரை பைரைட் அமைதியாகக் கிடக்கும். கேரித் தீவு போன்ற இடங்களில் கடலைக் கரைகட்டித் தடுத்து, வாய்க்கால் வெட்டி நீரை வடித்துத் தோட்டம் போட்டார்கள். நீர் வடிந்ததும் காற்று உள்ளே புகுந்தது. காற்று பட்ட பைரைட் கந்தக அமிலமாக மாறும். பிஎச் மதிப்பு 3.5க்கும் கீழே இறங்கும், வாய்க்கால் நீர் துருநிறத்தில் ஓடும், மண்ணை வெட்டினால் வெளிர் மஞ்சள் திட்டுகள் தெரியும். செம்பனை வேர் கருகாமலிருக்க நிலத்தடி நீர்மட்டத்தை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது இங்குள்ள தோட்ட மேலாளர்களின் அன்றாடக் கவலை.

இந்த மண்ணில் புதைந்த எஃகுக்கு இரண்டு வகை விதி காத்திருக்கிறது. காற்றில்லாத சேற்றின் ஆழத்தில் என்றால், கறுப்பு இரும்பு சல்ஃபைடு போர்த்திக்கொண்டு வியக்கத்தக்க விதத்தில் வடிவம் கெடாமல் கிடக்கலாம். நீர் வடித்த அமில மண்ணில் என்றால், சில பத்தாண்டுகளில் கரைந்து வெறும் சிவந்த கறை மட்டும் மிஞ்சலாம். சில நூறு மீட்டர் தூரத்தில், ஒரு கரைக்கட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இரண்டும் நடக்கும்.

எங்கே கிடந்தாலும் பெரும் எதிரி உப்பு. இரும்பு நீரில் மின்னோட்டத்தை உண்டாக்கி அரிக்கப்படுகிறது. ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரானை இழந்து கரைகிறது, இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. குளோரைடு அயனி இருந்தால் இந்த ஓட்டம் வேகமெடுக்கும். கரைந்த இரும்போடு சேர்ந்து அது துருவின் அடியில், உலோகத்தை ஒட்டி, அமிலக் குழிகளை உருவாக்குகிறது. அகாகனைட் என்ற துரு வகை குளோரைடைத் தன் படிகத்துக்குள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கடல் மண்ணிலிருந்து எடுத்த இரும்பு வீட்டுக்கு வந்த பிறகும் அழுகிறது. ஈரக்காற்றில் அதன்மேல் ஆரஞ்சு நிறத் துளிகள் வியர்க்கும், பிறகு செதில் செதிலாகப் பிளந்து உதிரும். துரு, அது உருவான இரும்பை விட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிப்பதால் இந்தப் பிளப்பு.

கடல் உப்பில் சமையல் உப்பு மட்டும் இல்லை. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கரைந்துவிடும். பந்திங் இரவுகளில் ஈரப்பதம் 90ஐ எட்டுவது சாதாரணம். குளோரைடு கொண்ட துரு உள்ள இரும்பு 15 விழுக்காடு ஈரப்பதத்தில்கூட மெதுவாக அரிக்கப்படும் என்று பாதுகாப்பு வேதியியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். நம் வீட்டு அலமாரியில் அப்படி ஒரு பொருள் பிழைக்கவே வழியில்லை.

உப்பு துப்பாக்கிக் குழாய்க்குள்ளும் இருக்கலாம். அது கடலிலிருந்து வந்ததல்ல. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது ஆக்சிஜனை விட்டுவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாகக் குழாயின் உள்சுவரில் படியும். ஈரப்பதம் 84 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை இழுத்து எஃகைக் குடையத் தொடங்கும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, தண்ணீரால் கழுவி உலர்த்தித்தான் எண்ணெய் போட வேண்டும். வெளியே பளபளப்பும் உள்ளே அம்மைத்தழும்பு போன்ற குழிகளுமாக ஒரு துப்பாக்கி கிடைத்தால், அது சுடப்பட்டது, பிறகு கழுவப்படாமல் வைக்கப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்தக் குழிகளை ஒரு தடயமாகவே பாதுகாக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது மையமான விஷயத்துக்கு வருகிறேன். துருப்பிடித்த பொருளைப் பார்த்ததும், துருவைச் சுரண்டி எடுத்தால் உள்ளே பழைய துப்பாக்கி இருக்கும் என்றே யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் அது தவறு. மண்ணில் கிடந்த இரும்பைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். வெளியே மணலும் சிப்பித்தூளும் கலந்த தளர்வான துரு. உள்ளே மிஞ்சிய உலோகம். நடுவில் அடர்த்தியான துரு. துப்பாக்கி புதிதாக இருந்தபோது அதன் மேற்பரப்பு எங்கே இருந்ததோ, அந்த எல்லை இந்த நடு அடுக்குக்குள்தான் கிடக்கிறது. இரும்பு உள்ளிருந்து கரைந்து வெளியேறும்போது பழைய எல்லை ஒரு தடமாகத் துருவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தேதியும் வரிசை எண்ணும் அந்தத் தடத்தில்தான் இருக்கும். அமிலத்தில் முக்கியோ மணல் வீசியோ பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை போனவருக்குக் கிடைப்பது, பழைய துப்பாக்கியை விடச் சற்று மெலிந்த, எழுத்தில்லாத ஓர் உருவம். சுத்தம் செய்த கையே ஆவணத்தைக் கிழித்துவிட்டது.

அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்கள் வேறு விதமாகப் போகிறார்கள். முதலில் எக்ஸ்ரே. குழாய்க்குள் தோட்டா இருக்கிறதா என்பது முதல் கேள்வி, உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. பழைய மேற்பரப்பின் எல்லை துருவுக்குள் எங்கே ஓடுகிறது என்பதும் அந்தப் படத்திலேயே தெரியும். மண்ணிலிருந்து எடுத்ததை உலர விடமாட்டார்கள், காரநீரில் மூழ்க வைப்பார்கள். 1970களில் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் உருவான முறையில் சோடியம் ஹைட்ராக்சைடோடு சோடியம் சல்ஃபைட்டும் சேரும். காரம் குளோரைடைத் துருவிலிருந்து வெளியே இழுக்கிறது, சல்ஃபைட் கரைசலிலுள்ள ஆக்சிஜனைத் தின்று, ஊறும் காலத்தில் புதுத் துரு வராமல் பார்த்துக்கொள்கிறது. நீரை மாற்றி மாற்றி, வெளிவரும் குளோரைடை அளந்து, அளவு இறங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அமெரிக்காவில் கடலிலிருந்து எடுத்த ஹன்லி என்ற நீர்மூழ்கிக்கு 2014இல் தொடங்கிய கார ஊறல் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பிறகுதான் நுண்ணோக்கியின் கீழ், தளர்ந்த வெளி அடுக்கை மட்டும் அகற்றுவது. மிஞ்சிய துருவைப் பல இடங்களில் டானிக் அமிலத்தால் நிலைப்படுத்துகிறார்கள். டானின் இரும்போடு சேர்ந்து கருநீல நிறத்தில் கரையாத சேர்மமாகிறது. இந்த வேதியியல் தமிழ்நாட்டுக்குப் பழகியது. கடுக்காயின் டானினும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்ததுதான் நம் முன்னோர் எழுதிய கறுப்பு மை. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுகிறவர்கள் வெல்ல நீரில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்து, கடுக்காய் ஊட்டிய துணியில் அதைத் தீட்டுகிறார்கள். துணியில் எழுத்தை நிறுத்தும் அதே பிணைப்பு, துப்பாக்கியின் மேல் துருவை நிறுத்துகிறது. மேலே நுண்படிக மெழுகுப் பூச்சு. எப்போது வேண்டுமானாலும் கரைத்து எடுக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் விதி. நாளைக்கு இதைவிட நல்ல முறை வரும் என்று எதிர்பார்த்து வேலை செய்கிற ஒழுக்கம் அது.

எண் அழிந்தே போனாலும் நம்பிக்கை முழுதும் போவதில்லை. எஃகில் அச்சை அடித்து எண்ணைப் பொறிக்கும்போது, குழிக்கு அடியிலும் உலோகத்தின் படிக மணிகள் நசுங்குகின்றன. மேலே அரம் போட்டு மழித்தாலும் நசுங்கிய மணிகள் அடியில் இருக்கும். தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால் அவை மற்ற இடத்தைவிட வேறு வேகத்தில் கரைந்து எண் மங்கலாக எழும்பும். கிளந்தான் கூபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தடயவியல் ஆய்வாளர்கள் இதில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்திருக்கிறார்கள். திருடிய வாகனத்தின் சட்ட எண்ணையும் மழித்த துப்பாக்கி எண்ணையும் மீட்பதற்காக வளர்ந்த கலை, பழைய பொருளுக்கும் உதவும்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடமும் இந்த அறிவு மெல்ல வந்துவிட்டது. நம்பு துப்பாக்கியின் சிறு பாகங்களிலும் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் பொறித்திருக்கும், எல்லாம் ஒத்துப்போனால் மதிப்பு. மேற்பரப்பை மறுபடி கறுப்பாக்கினால் மதிப்பு சரியும். பில் ரூகர் என்ற அமெரிக்கர் 1945இல் போரிலிருந்து திரும்பிய ஒரு மரைன் படைவீரரிடம் சிறிய நம்பு ஒன்றை வாங்கி, தன் கொட்டகையில் அதைப் போலவே செய்து பார்த்தார். 1949இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியின் சாயல் அதிலிருந்து வந்தது.

மலேசியாவில் நிலைமை வேறு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. பழையது, துருப்பிடித்தது, தாத்தா காலத்தது என்ற சமாதானத்தை நம்பி யாரும் வீட்டில் வைக்கக் கூடாது. இந்தக் கடுமையில் எனக்கு முழு உடன்பாடு. போர் முடிந்த பின் இந்த நாட்டுக் காடுகளில் தங்கிய ஆயுதங்கள் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் மறுபடி பேசின. தோட்டக் குடும்பங்கள் அந்தப் பேச்சின் இரண்டு பக்கத்திலும் அடிபட்டன.

ஆகவே வாய்க்கால் தூர்வாரும்போதோ வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ அப்படி ஏதாவது தென்பட்டால் தொடாதீர்கள், கழுவாதீர்கள், காரில் போட்டு நீங்களே நிலையத்துக்குக் கொண்டு போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு 999க்கு அழையுங்கள். எண்பது வருடத் தோட்டாவின் தீமூட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்வையால் கணிக்க முடியாது. கூடவே, கண்டெடுத்த ஆழத்தையும் மண்ணின் நிறத்தையும் குறித்து வையுங்கள். கறுப்புச் சேறா, மஞ்சள் திட்டு மண்ணா என்ற ஒரு வரி, பாதுகாப்பாளருக்குப் பெரிய உதவி.

நமக்குரிய சேகரிப்பு, பொது இடத்தில் இருக்க வேண்டிய சேகரிப்பு. கோலாலம்பூர் போலீஸ் அருங்காட்சியகத்திலும் போர்ட் டிக்சன் தரைப்படை அருங்காட்சியகத்திலும் பழைய படைக்கலங்களைப் பார்க்கலாம். பந்திங்குக்குப் பக்கத்திலேயே ஜுக்ராவில், பழைய போலீஸ் தலைமையகமும் சிறையுமாக இருந்த கட்டடம் இன்று அருங்காட்சியகம். செயலிழக்கச் செய்த ஒரு 14ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி அங்கே வைக்கப்பட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். பக்கத்தில் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் விளக்கம் வேண்டும். மோரிப்பில் இறங்கிய டிவிஷனில் இந்தியர்கள் இருந்தார்கள். அதே மலாயாவின் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழ் இளைஞர்கள் எதிர்ப்பக்கம் இருந்தார்கள். இன்னும் பல்லாயிரம் தமிழர் சயாமில் மண்ணுக்குள் போயிருந்தார்கள். அதற்கும் முன்பு, 1941 மே மாதத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பிரிட்டிஷ் ஆட்சியின் துப்பாக்கிகளுக்கும் நம் தொழிலாளர் சிலர் பலியானார்கள். இவை எல்லாம் ஒரே பலகையில் இடம் பெற வேண்டும்.

காட்சிப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. துப்பாக்கியை அதன் தோல் உறைக்குள் வைத்துக் காட்டக் கூடாது. தோல் பதனிட்ட அமிலமும் அது பிடித்து வைக்கும் ஈரமும் உலோகத்தைத் தின்னும், ரப்பர் உறையென்றால் பழையதாகும்போது கந்தகச் சேர்மங்களை வெளியிடும். இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். இரும்பின் பெட்டி காற்றுப் புகாமல் மூடி, சிலிகா ஜெல் நிரப்பி, ஈரப்பதத்தை 15 விழுக்காட்டுக்குக் கீழே பிடிக்க வேண்டும். மரப்பிடி அந்த வறட்சியில் வெடிக்கும் என்பதால் அதைக் கழற்றி நடுத்தர ஈரத்தில் வேறாக வைப்பது நல்லது. பகலில் குளிரூட்டி ஓடி மாலை ஐந்து மணிக்கு நிறுத்தப்படும் கட்டடங்களில், சரியாக மூடாத பெட்டிக்குள் பனித்துளி கட்டும், ஒவ்வொரு இரவும் உப்பு மறுபடி விழிக்கும். குளிரூட்டியை இரவிலும் ஓடவிட முடியாத இடம் என்றால் அதைப் போடாமலேயே இருப்பது மேல். பெட்டிக்குள் ஓர் ஈரப்பதமானியும், வாரம் ஒருமுறை அதைப் படித்து ஏட்டில் எழுதும் ஓர் ஆளும் போதும்.